மணல் தட்டை விட்டுத் தீவன மூட்டையில் மூத்திரம் விடும் பூனை

கேள்வி: எலிக்காக வளர்க்கும் கடுவன் பூனைக்கு நாலு வயது. வீட்டுக்குள் மணல் தட்டு வைத்துப் பழக்கியிருந்தோம், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரமாக ஆட்டுத் தீவன மூட்டையிலும் துணியிலும் மூத்திரம் விடுகிறது. அடித்தும் பார்த்தாயிற்று, பினாயில் ஊற்றியும் கழுவியாயிற்று. கருத்தடை செய்யவில்லை. போன மாதம் ஒரு குட்டியும் வந்து சேர்ந்தது, அதுவும் இதே தட்டில்தான் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். பழிவாங்குவதற்காகப் பூனை மூத்திரம் விடுவதில்லை. அடித்தால் அதற்குப் புரிவதெல்லாம் உங்கள் கண்ணில் படும்படி போகக் கூடாது என்பதுதான், அப்புறம் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து போகும், நாற்றம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

மணலை மாற்றுவது, இடத்தை மாற்றுவது எல்லாம் இருக்கட்டும், அது எப்படிப் போகிறது என்று இரண்டு மூன்று முறை கவனியுங்கள். நின்றபடியே பின்பக்கத்தை மூட்டைப் பக்கம் திருப்பி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனி துடிக்கத் துடிக்கக் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிக்கிறது. குந்தி உட்கார்ந்து குளம் கட்டும் அளவுக்குப் போனால் தட்டில்தான் ஏதோ குறை. அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, கத்திக்கொண்டோ குறியை நக்கிக்கொண்டோ இருந்தால் மூத்திரப்பையில் கோளாறு. முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே மருத்துவரிடம் தூக்கிப்போங்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் குறுகலானது, படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. வலிக்குமே என்று நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குட்டி வந்ததிலிருந்துதான் தொந்தரவு தொடங்கியிருக்கும் போலிருக்கிறது. கருத்தடை செய்யாத கடுவன், புதிதாக ஒரு பங்காளி, இரண்டுக்கும் ஒரே தட்டு. பீய்ச்சுகிறது என்றால் கருத்தடைதான் முதல் வேலை, பத்தில் ஒன்பது கடுவனுக்கு அதிலேயே அடங்கிவிடும் அல்லது வெகுவாகக் குறையும். சிலதுக்கு உடனே நிற்கும், சிலதுக்குச் சில மாதம் இழுக்கும். ஆனாலும் மருத்துவரிடம் போகும்போது மூத்திரத்தையும் சோதித்துவிடச் சொல்லுங்கள். மனக்கலக்கத்தாலேயே பூனைக்கு மூத்திரப்பை வீங்கும், கிருமி எதுவும் இருக்காது. தண்ணீர் அதிகம் உள்ளே போனால் நல்லது, உலர் தீவனம் மட்டும் போடுகிறீர்கள் என்றால் நீர்ப்பதமான உணவும் சேருங்கள்.

சரி, தட்டு. பூனை எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாக வேண்டும், உங்களுக்கு மூன்று. மூன்றையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒரே தட்டுதான், பெரியது வழியில் உட்கார்ந்துகொண்டால் சின்னது போகாது, சின்னது மேலே பாய்ந்தால் பெரியதும் போகாது. தனித்தனி இடத்தில், சாப்பாட்டுக்குத் தள்ளி வையுங்கள். உள்ளே நின்று சுற்றித் திரும்புகிற அளவு அகலம் வேண்டும், மூடி வேண்டாம், வாசனை போட்ட மணலும் வேண்டாம். நாலு காலையும் உள்ளே வைக்காமல் விளிம்பில் தொத்திக்கொண்டு போகிறதா, மணலைத் தோண்டாமல் தட்டின் பக்கச் சுவரைப் பிறாண்டிவிட்டுக் காலை உதறிக்கொண்டு ஓடுகிறதா? அப்படியானால் மணல் பிடிக்கவில்லை, நைசான மணலாக மூன்று நாலு சென்டிமீட்டர் பரப்பிப் பாருங்கள்.

பினாயிலை விடுங்கள். பாதத்தில் ஒட்டி, நக்கி, உள்ளே போனால் ஈரல் கெடும். பிளீச்சிங் பவுடரும் கூடாது, மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சுப் புகை வரும். நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி ஊறவிட்டுத் தானாகக் காயவிடுங்கள், நம் மூக்குக்கு நாற்றம் போய்விட்டாலும் அதன் மூக்குக்கு மிச்சம் இருந்தால் அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஆட்டுத் தீவனம் என்றீர்கள், மூத்திரத்தைவிட அங்கே பயப்பட வேண்டியது மலத்துக்கு. பூனை மலத்தில், அதுவும் குட்டிகளின் மலத்தில், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் வரலாம், அது தீவனத்தில் கலந்தால் சினை ஆடு குட்டி வீசும். வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அந்த முட்டைக்குத் தொற்றும் தன்மை வரும் என்பதால் தட்டைத் தினமும் அள்ளிவிடுங்கள், கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். நனைந்த மூட்டையில் ஈரம் பட்ட தீவனத்தை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, மீதியை மூடி போட்ட டிரம்மில் கொட்டி வையுங்கள்.