எச்-இன்டெக்ஸ், மேற்கோள், ஆய்விதழ்: மருத்துவ நூலகர் பதிலளிக்கிறார்

எச்-இன்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது ஐயா?

மேற்கோள் என்றால் பிறர் தம் ஆய்வுக் கட்டுரையில் உங்கள் கட்டுரையைச் சுட்டுவது. உங்கள் கட்டுரைகளில் எத்தனை, குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றன என்பதே எச்-இன்டெக்ஸ், சுருக்கமாக எச். உங்கள் கட்டுரைகளை, அதிக மேற்கோள் பெற்றது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். 40, 12, 9, 4, 1 என்று வருகிறதா? நான்காவது கட்டுரைக்கு நான்கு இருக்கிறது, ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆகவே எச் 4. ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. அந்த 40 நாளை 4,000 ஆனாலும் எச் அதே 4தான்.

இணைப் பேராசிரியர் பதவிக்கு எச் 12 போதுமா?

எந்தத் துறை? நூறு பேர் சேர்ந்து கட்டுரை எழுதும் மரபியல் வேறு, உடற்கூறியல் வேறு. துறையைச் சொல்லாத கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கூகுள் ஸ்காலரில் 310 மேற்கோள், ஸ்கோப்பஸில் 190. எது சரி?

இரண்டும் சரி. இரண்டுமே மேற்கோளை எண்ணும் தளங்கள். முன்னது ஆய்வேடு, இதழில் வருமுன் வெளியான முன்பதிப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். பின்னது தான் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதுங்கள்.

என் கட்டுரைகளில் பாதி வேறொருவர் கணக்கில் கிடக்கின்றன!

நம் தலைப்பெழுத்து செய்யும் வேலை. ஒரு கட்டுரையில் எஸ். முருகன், அடுத்ததில் முருகன் எஸ்., மூன்றாவதில் இதழாசிரியர் குடும்பப் பெயர் கேட்டார் என்று முருகன் சண்முகம். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். அதே கணினி, ஊரில் உள்ள எஸ். முருகன்கள் அனைவரையும் ஒருவராக்கவும் தயங்காது. ஒரே வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமான ஆர்சிட் எண் 16 இலக்கம், இலவசம். இன்றே வாங்குங்கள்.

மூன்று நாளில் வெளியிடுவதாக ஓர் இதழ் மின்னஞ்சல் அனுப்பி, பணம் கேட்கிறது.

கட்டாதீர்கள்.

மேற்கோளே வராத ஆய்வு, பயனற்ற ஆய்வுதானே?

இல்லை அம்மா. கொல்கத்தாவில் சம்பு நாத் டே, காலரா கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயல் குடலின் கட்டப்பட்ட ஒரு பகுதிக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடலில் நீர் நிறைந்தது. கிருமி சுரக்கும் நஞ்சு உண்டு என்று நிரூபணமானது. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதன் அருமை மெல்லத்தான் உறைத்தது. 1978இல் நோபல் கருத்தரங்கு அழைத்தது. நாட்டில் பெரிய விருது எதுவும் பெறாமலே 1985இல் மறைந்தார். மறு ஆண்டு அவரைப் பற்றி விரிவாக எழுதியவர், எந்தக் கட்டுரை எதைச் சுட்டுகிறது என்று காட்டும் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு.

அப்படியானால் டேயின் பெருமையைச் சொன்னதே மேற்கோள் கணக்குதான். அதை ஏன் பழிக்கிறீர்கள்?

நல்ல மடக்கு! ஆனால் கார்ஃபீல்டு தொகையை மட்டும் பார்க்கவில்லை; எந்த ஆய்வு எதிலிருந்து கிளைத்தது என்று தடம் பிடித்தார். தொகையை மட்டும் பார்த்தால் முதலிடம், புரதத்தை அளக்க லௌரி 1951இல் எழுதிய செய்முறைக்கு: மூன்று லட்சம் மேற்கோளுக்கும் மேல். 2014இல் ‘நேச்சர்’ தொகுத்த முதல் நூறில் டி.என்.ஏ. வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரைக்கு இடமே இல்லை.

எண் இல்லையென்றால் துறைத்தலைவர் தன் ஆளைத்தான் எடுப்பார். எங்களுக்கு அது ஒன்றுதான் பிடிமானம்.

நியாயமான பயம். ஆனால் அந்தத் தலைவரின் எண் எப்படி வளர்ந்தது என்று பார்த்தீர்களா? மாணவர் கட்டுரை ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பட்டியலின் கடைசியில் அவர் பெயர். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் அல்லது திருத்தத்தில் பங்கு, இறுதி ஒப்புதல், முழுப் பொறுப்பு. நான்கும் வேண்டும். ஆய்வகச் சாவி கொடுத்ததற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும். எண்ணைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; கூடவே விண்ணப்பதாரரின் சிறந்த மூன்று கட்டுரைகளை வாங்கிப் படியுங்கள். தேர்வுக்குழுவுக்கு அதற்கு நேரமில்லை என்றால் குழு எதற்கு?

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கும் மேற்கோள் ஏறுமா?

ஏறும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை ‘லான்செட்’ 2010இல் திரும்பப் பெற்றது. இன்றும் மேற்கோள் வருகிறது, பெரும்பாலும் கண்டிப்பதற்காக. கணக்கில் திட்டும் ஒரு மேற்கோள், பாராட்டும் ஒரு மேற்கோள்.

எச் 8 நல்லதா?

மேலே என் இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

எச் 15?

அதே இரண்டாவது பதில்.

அந்த மூன்று நாள் இதழ் இன்று கட்டினால் பாதிக் கட்டணம் என்கிறது. கட்டுரையை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.

பாதியும் கட்டாதீர்கள். விலக்கிக்கொள்வதாக இன்றே எழுத்தில் தெரிவியுங்கள், உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். விலக்கியதை அவர்கள் உறுதிசெய்யும்வரை வேறு இதழுக்கு அனுப்பவும் வேண்டாம்.