முகம் பார்த்து மனம் அறிதல்: போரில் மூளைக்காயம் பட்டவர்களுக்காக

இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பேச்சு-மொழிப் பயிற்சி தருகிறேன். வந்த கேள்விகளில் சில:

கேள்வி: அக்கா, என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். இராக்கில் சாலையோரக் குண்டு வெடித்துத் தலையில் அடி. நான் பயந்துபோய் நின்றாலும் "எதுக்குக் கோபமா இருக்கே?" என்கிறார். பாசமே போய்விட்டதா?

பதில்: இதை வைத்துப் பாசத்தை எடைபோடாதீர்கள். முகக்குறிப்பை அறிய மூளையின் முன்பகுதி, பக்கப்பகுதி, உள்ளே இருக்கும் அமிக்டலா எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன. அங்கே அடிபட்டாலும் சிரிப்பு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பயம், வருத்தம், கோபம்தான் குழம்பும். சிலருக்குத் தன் மனதில் இருப்பது கோபமா பயமா என்பதே தெரியாது. அலெக்சிதைமியா என்பார்கள். அவரிடம் "என்னைப் புரிஞ்சுக்கவே மாட்டேங்கறீங்க" என்றால் சண்டைதான் மிச்சம். "எனக்குப் பயமா இருக்கு, பக்கத்துல உக்காருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமலே புரியணும் என்று நம் வீடுகளில் எதிர்பார்ப்போமே, அது இங்கே செல்லாது.

கேள்வி: ஸ்கேன் நார்மல் என்றார்களே மேடம்?

பதில்: அமெரிக்க ராணுவத்தில் 2000-க்குப் பின் பதிவான மூளைக்காயங்கள் 4 லட்சத்துக்கு மேல், பெரும்பாலானவை லேசான வகை. அவ்வகையில் சிடி ஸ்கேன் அநேகமாகச் சுத்தமாகவே வரும். உணர்ச்சி அறியும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் உருவான டாசிட் (TASIT) என்ற சோதனையில் சிறு காட்சிகளைப் போட்டு, பேசுபவர் பொய் சொல்கிறாரா, கிண்டலடிக்கிறாரா என்று கேட்பார்கள்.

கேள்வி: இது மூளைக்காயத்தாலா, பிடிஎஸ்டியாலா (போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனப்பாதிப்பு)?

பதில்: பல சமயம் இரண்டும். பிடிஎஸ்டியில் உஷார்நிலை தணியாது. சும்மா இருக்கும் முகம்கூட மிரட்டலாகப் படலாம். தூக்கம் கெட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதைவிட்டு முகப் பயிற்சியில் இறங்குவது வீண் என்பது என் கருத்து.

கேள்வி: பயிற்சியில் என்ன செய்வீர்கள்?

பதில்: கணினியில் காட்டும் முகப் படத்தில் கண், புருவம், வாய் என்று தனித்தனியாகக் கவனிக்கச் சொல்வோம். அதே பாவனையை அவர் செய்து பார்ப்பார். தனக்கு அப்படித் தோன்றிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்வார். போர்க்களத்தைக் கிளறாத சந்தர்ப்பமாகத் தேர்ந்தெடுப்போம். மூளைக்காயம் பட்டவர்களை வைத்து நடத்தி 2015-இல் வெளியான ஒரு சோதனையில் இத்தகைய பயிற்சியின் பலன் ஆறு மாதம் கழித்தும் இருந்தது. கணினி முன் கற்றது சமையலறையில் தானாக வந்துவிடாது. வீட்டிலும் பழக வேண்டும்.

கேள்வி: சீரியல் பார்த்துப் பழகலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அங்கே எல்லாமே பத்து மடங்கு. உங்கள் வீட்டு வீடியோவையே ஒலியில்லாமல் போட்டு ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒலியோடு போடுங்கள். பத்து நிமிடம் போதும். தலைவலித்தால் நிறுத்திவிடுங்கள்.