எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

வணக்கம் ஐயா,

என் மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். ஆங்கிலத்தில் கெட்டிக்காரிதான். ஆனால் மேலே போடுகிற அந்தக் கொமாவில், அப்பொஸ்ரபியில், ஒவ்வொரு தவணையும் புள்ளி போகிறது. போன தவணை ‘பாடசாலையும் அதன் மாணவரும்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘இற்’ஸ்’ என்று கொமா போட்டு எழுதியிருந்தாள். பிழை என்று வெட்டிவிட்டார்கள். “அப்பாவின் என்பதற்குக் கொமா வேணும், அதன் என்பதற்கு மட்டும் ஏன் கூடாது?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பன்மை வந்தால் எஸ்ஸுக்கு முன்னா பின்னா என்பதும் அவளுக்கு எப்போதும் சந்தேகம். ரியூசனில் ஒரு பக்கம் நிறைய விதிகள் தந்திருக்கிறார்கள். பாடமாக்கியும் எழுதும்போது தடுமாறுகிறாள். லண்டனில் இருக்கிற என் தமையன், “இங்கே வெள்ளைக்காரரே அதைக் கைவிட்டாச்சு. கடைப் பெயரிலும் இல்லை, றோட்டுப் பெயரிலும் இல்லை. பிள்ளையை ஏன் வதைக்கிறாய்?” என்கிறார். உண்மையில் இது இவ்வளவு முக்கியமா?

ஒரு தாய்,
கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

முக்கியம்தான். உங்கள் தமையன் சொல்வதிலும் உண்மை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மகளின் தடுமாற்றத்தைப் பார்ப்போம்.

ரியூசன் தாள்களில் இந்த விதிகள் எல்லாம் எஸ் என்ற எழுத்தைச் சுற்றியே இருக்கும். ஒருமைக்கு முன், பன்மைக்குப் பின், எஸ் இல்லாத பன்மைக்கு மறுபடி முன் என்று போகும். பிள்ளை எழுதும்போது கண் எஸ்ஸிலேயே நின்றுவிடுகிறது. மகளிடம் எஸ்ஸை மறக்கச் சொல்லுங்கள். யாருடையது என்று மட்டும் கேட்கட்டும். அந்த உரியவரின் சொல்லை முழுதாக எழுதி முடிக்கட்டும். முடித்த இடத்தில் கொமா. அதற்குப் பிறகு ஒரு எஸ். உரியவர் பலராகி, அந்தச் சொல்லே பன்மை எஸ்ஸில் முடிந்திருந்தால் இன்னொரு எஸ் வேண்டாம், கொமாவோடு நிறுத்தலாம்.

தமிழிலும் நாம் இதே ஒழுங்கில்தான் போகிறோம். மாணவி, மாணவிகள், மாணவிகளின். முதலில் ‘கள்’ சேர்த்துப் பன்மையை முடித்துவிட்டுத்தான் ‘இன்’ போடுகிறோம். எந்தப் பிள்ளையும் ‘கள்’ளுக்கு நடுவில் ‘இன்’னைச் செருகுவதில்லை. உரியவர் யார், எத்தனை பேர் என்பது நமக்கு முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

உதாரணம் தேடி அலையவும் வேண்டாம், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளே இருக்கின்றன. பரியோவான் கல்லூரிக்கு உரியவர் யோவான் என்ற ஒரே புனிதர். ‘ஜோன்’ என்று எழுதி முடித்து, கொமா, பிறகு எஸ். சம்பத்திரிசியாரும் அப்படித்தான். 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரிக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் அது ‘கேள்ஸ்’ கொலிஜ்’. உரியவர்கள் பல பெண் பிள்ளைகள். ‘கேள்ஸ்’ என்று பன்மையை எழுதி முடித்த பிறகுதான் கொமா. அதை எஸ்ஸுக்கு முன்னால் நகர்த்தினால் உடுவிலில் ஒரேயொரு பெண் பிள்ளைக்காகக் கல்லூரி கட்டியதாகிவிடும். வேம்படியும் சுண்டுக்குளியும் இதே வகை. இந்து மகளிர் கல்லூரியின் ‘லேடீஸ்’’ இன்னும் நல்ல பயிற்சி. ஒருமையில் வை என்ற எழுத்தில் முடியும் சொல், பன்மையாகும்போது எழுத்தே மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்து முடித்துவிட்டுத்தான் கொமாவை நினைக்க வேண்டும்.

எஸ் இல்லாத பன்மைக்கு, ஒக்ரோபர் 1 ஆம் திகதி பாடசாலைகளில் கட்டுகிற சிறுவர் தினப் பதாகையைக் காட்டுங்கள். ‘சில்ரன்’ என்றாலே பன்மை முடிந்துவிட்டது, ஆகவே கொமா, எஸ். ஐந்து நாள் கழித்து 6 ஆம் திகதி ஆசிரியர் தினம் வரும். அங்கே ‘ரீச்சர்ஸ்’’ என்று எஸ்ஸுக்குப் பின்னால். அன்னையர் தினத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் அந்த நாளுக்காக உழைத்த அன்னா ஜார்விஸ் ‘மதர்’ஸ்’ என்று ஒருமையில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தத் தாயைக் கொண்டாட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1914 இல் அது அங்கே அதிகாரபூர்வமான தினமாக அறிவிக்கப்பட்டபோதும் ஒருமையே நிலைத்தது. கொமா நிற்கும் இடத்தை வைத்து அவர் ஒரு கருத்தையே சொல்லியிருக்கிறார்.

மகள் கெட்டிக்காரியாக இருந்தும் இதில் தவறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பெண் பிள்ளையுடையது, பல பெண் பிள்ளைகளுடையது, வெறுமனே பெண் பிள்ளைகள் என்ற மூன்றும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒரே ஒலி. கேட்டுப் பழகி மொழி படிக்கிற பிள்ளைக்குக் காது இங்கே கைகொடுக்காது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதில் தவறுவது இதனால்தான். பிள்ளையை ஏசாதீர்கள்.

முக்கியம் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்தச் சின்னக் குறி உரியவர் எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் காணி என்றால் பங்கு. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த தேசவழமைச் சட்டம் இன்றும் நம் காணிகளைத் தொடுகிறது. பங்காளிக்குத்தான் முதலில் வாங்குகிற உரிமை. உறுதியில் எல்லோருடைய பெயரும் தனித்தனியே வரும், அதனால் அங்கே குழப்பமில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கோ ஒரு தூதரகத்துக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது ‘மை பிறதர்’ஸ் லாண்ட்’ என்றால் ஒரு சகோதரனின் காணி. ‘மை பிறதர்ஸ்’ லாண்ட்’ என்றால் சகோதரர்கள் பலருக்கும் உள்ள காணி. வாசிக்கிறவருக்கு நம் குடும்பம் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் அந்தத் தாளில் இருப்பதுதான்.

பங்குக் கிணற்றையும் எடுங்கள். இராசனும் செல்வியும் ஒரே கிணற்றில் பங்குக்காரர் என்றால் ஆங்கிலத்தில் இரண்டாவது பெயருக்கு மட்டும் கொமாவும் எஸ்ஸும் போட்டால் போதும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே உரியவராக நிற்கிறார்கள். ஆளுக்கொரு கிணறு என்றால் இரண்டு பெயருக்கும் தனித்தனியே போட வேண்டும். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைக்குப் பங்கு விளங்காமல் போகாது.

இனி அவள் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, அதற்கு விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘அரசனின்’ என்று சொல்ல, அரசன் என்ற சொல்லின் முடிவில் ஈ, எஸ் என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்தார்கள். காலப்போக்கில் அந்த ஈ வாயில் தேய்ந்துபோனது. 16 ஆம் நூற்றாண்டில் இந்த மேற்கொமா பிரெஞ்சு அச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதன் வேலை, விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவது மட்டுமே. உடைமையைக் காட்டும் வேலை மெல்ல மெல்ல அதன் தலையில் ஏறியது. ஒருமைக்கு அது நிலைபெற 17 ஆம் நூற்றாண்டின் கடைசி ஆகிவிட்டது, பன்மை எஸ்ஸுக்குப் பின்னால் போடுவது 18 ஆம் நூற்றாண்டில். இடையில் ஒரு நம்பிக்கையும் பரவியிருந்தது: அந்த எஸ், ‘ஹிஸ்’ என்ற சொல்லின் மிச்சம் என்று. ‘அரசன் அவனுடைய புத்தகம்’ என்கிற மாதிரி எழுதினவர்கள் இருந்தார்கள். அது சரியில்லை. அப்படியென்றால் அரசியின் புத்தகத்துக்கு என்ன செய்வது?

ஆக, அந்தக் குறிக்கு இன்று இரண்டு வேலை: எழுத்து விடுபட்டதைக் காட்டுவது, உடைமையைக் காட்டுவது. மகள் எழுதிய சொல்லில் இரண்டும் மோதுகின்றன. கொமா போட்ட ‘இற்’ஸ்’ என்பது ‘இற் இஸ்’ என்பதன் சுருக்கம். அந்த இடத்தை அது பிடித்துவிட்டது. ‘அதன்’ என்ற பொருளில் வருவதற்குக் கொமா தேவையுமில்லை. தமிழில் ‘அப்பா’வுக்கு ‘இன்’ சேர்க்கிறோம், ஆனால் ‘நான்’ என்பதற்கு நேராக ‘இன்’ சேர்ப்பதில்லை. அந்தச் சொல்லே ‘என்’ என்று மாறி நிற்கிறது, ‘என் வீடு’ என்கிறோம். ‘ஹிஸ்’, ‘ஹேர்ஸ்’, ‘யுவர்ஸ்’, ‘தெயர்ஸ்’ எல்லாம் ‘என்’ மாதிரியானவை, உடைமை உள்ளேயே இருக்கிறது. ‘இற்ஸ்’ அந்தக் கூட்டத்தில் ஒன்று. ‘யாரோ ஒருவருடைய’ என்று வருகிற ‘சம்படி’ஸ்’ போன்றவை வேறு, அவை பெயர்ச்சொல் மாதிரியே நடக்கும், கொமா வேணும்.

அந்தச் சொல்லே ஆங்கிலத்தில் இளையது என்றும் மகளிடம் சொல்லுங்கள். 1611 இல் அச்சான ஜேம்ஸ் அரசரின் வேதாகமத்தில் அது இல்லை. உப்பு சாரமற்றுப்போனால் என்ற வசனத்தில் உப்புக்குக்கூட ‘ஹிஸ்’தான் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு வந்தவர்கள் நீண்டகாலம் ‘அதன்’ என்ற பொருளிலும் கொமா போட்டே அச்சடித்தார்கள். உங்கள் மகள் செய்த பிழையை ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நல்ல அச்சகங்களும் செய்தன. ஆனால் இன்றைய பரீட்சையில் அது பிழைதான். எழுதி முடித்ததும் அந்த இடத்தில் ‘இற் இஸ்’ என்று விரித்து வாசிக்கட்டும். வசனம் நின்றால் கொமா, நிற்காவிட்டால் இல்லை.

எஸ்ஸில் முடிகிற பெயர்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். குருநகர் யாகப்பர் ஆலயத்தை ஆங்கிலத்தில் எழுத வந்தால், ஜேம்ஸுக்குப் பின் கொமா மட்டும் போடலாம், கொமாவோடு இன்னொரு எஸ்ஸும் போடலாம். இங்கிலாந்திலேயே நியூகாசிலில் ஜேம்ஸின் பெயரில் இருக்கிற உதைபந்தாட்ட மைதானம் முதல் வகை, அதே பெயரில் லண்டனில் இருக்கிற பூங்கா இரண்டாவது வகை. ஒன்றைப் பிடித்தால் கட்டுரை முடியும்வரை அதையே பிடிக்க வேண்டும். சுரேஷ், ரமேஷ் இந்தப் பிரச்சினையில் சேரமாட்டார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் ‘எச்’ என்ற எழுத்தில் முடிகிறவர்கள், வழமைபோல் கொமாவும் எஸ்ஸும்.

லீவுக் கடிதத்தில் வருகிற ‘இரண்டு நாள் லீவு’க்கும் கொமா வேணும். ஒரு நாள் என்றால் எஸ்ஸுக்கு முன், இரண்டு நாள் என்றால் பின். கந்தோர்க் கடிதங்களில் அதிகம் தவறுகிற இடம் இது. மற்றது, வெறும் பன்மைக்குக் கொமா கூடவே கூடாது. ‘சாறி’ஸ்’ என்று பலகை எழுதுகிற பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை, இங்கிலாந்தில் அதற்கு மரக்கறிக்காரரின் அப்பொஸ்ரபி என்றே பெயர்.

சரி, தமையனின் பேச்சு. லண்டனில் ஏர்ல்’ஸ் கோர்ட் நிலையத்தின் பெயரில் கொமா இருக்கிறது, பிக்கடிலி லைனில் அடுத்த நிலையமான பாரன்ஸ் கோர்ட்டில் இல்லை. பேர்மிங்ஹாம் நகரசபை 2009 இல் தெருப்பலகைகளில் அதை நிறுத்தியது. வோட்டர்ஸ்ரோன்ஸ் புத்தகக் கடை 2012 இல் தன் பெயரிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் இடப்பெயர்களுக்கான அரச சபை 1890 இல் தொடங்கிய காலத்திலிருந்தே அதை விரும்புவதில்லை. மார்த்தா’ஸ் விண்யார்ட் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறது. அவர் பார்த்ததெல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாம் பெயர்கள். ஒரு பெயர் நிலைத்துவிட்டால் அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, கொமா போனாலும் நட்டமில்லை. வசனம் அப்படியில்லை. அதே பேர்மிங்ஹாமில் ஒரு பிள்ளை கட்டுரை எழுதினால் கொமா போட்டுத்தான் ஆகவேண்டும். நானும் பலகைகளுக்காகச் சண்டை பிடிக்கமாட்டேன். கடிதத்திலும் கட்டுரையிலும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மகளின் போன தவணை விடைத்தாள் கையில் இருந்தால், கொமா வந்த ஒவ்வொரு இடத்திலும் உரியவர் யார் என்று பென்சிலால் தமிழில் எழுதச் சொல்லுங்கள். உரியவர் இல்லாத இடத்தில், விடுபட்ட எழுத்து என்ன என்று எழுதட்டும். இரண்டும் இல்லாத இடத்தில் கொமாவை வெட்டட்டும். செய்து பார்த்துவிட்டு, எங்கே நின்றுபோகிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.