தாழ்வான பாடி கிட்: கேள்விகளும் பதில்களும்

தினமும் வேலைக்கு ஓடும் காரில் தாழ்வான பாடி கிட் (காரின் தோற்றத்தை மாற்ற வெளியே மாட்டும் பம்பர், பக்கவாட்டுப் பட்டை போன்ற பாகங்கள்) மாட்ட விரும்புபவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி விட்டால் போதும்?

ஒரே எண்ணைச் சொல்லிவிட்டால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அதை நம்பி வாங்கினால் உங்கள் பம்பர்தான் உடையும். உயரம் மட்டுமல்ல, சக்கரத்துக்கு முன்னால் பம்பர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 900 மி.மீ. தள்ளி, கீழ்விளிம்பு 160 மி.மீ. உயரத்தில் இருந்தால், சமதரையிலிருந்து சுமார் 10 டிகிரி சரிவில் உரசாமல் ஏறலாம். அதே விளிம்பு 110 மி.மீ. உயரத்தில் இருந்தால் 7 டிகிரிதான்.

காலிக் காரை அளக்காதீர்கள். வழக்கமாக ஏறுபவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, டேங்கையும் நிரப்பி அளக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு இன்னும் தாழும் என்பதையும் மறக்கக் கூடாது. எளிய வழி ஒன்று உண்டு: புதிய கிட் வரப்போகும் உயரத்துக்கு அட்டை வெட்டி பம்பருக்கடியில் ஒட்டி, ஒரு வாரம் ஓட்டுங்கள். அட்டை கிழிந்தால் பணம் தப்பியது.

கேள்வி: முன்பக்கம் தப்பித்தாலும் வேகத்தடையில் நடுவயிறு இடிக்குமா?

இடிக்கும். இரு அச்சுகளுக்கிடையே தூரம் அதிகமான கார்களில் சைடு ஸ்கர்ட் (கதவுகளுக்கடியில் நீளமாக ஓடும் பட்டை) முதலில் அடிவாங்கும். மெதுவாகச் சற்றுக் கோணலாக ஏறினால் ஓரளவு தப்பலாம்.

கேள்வி: ஃபைபர் கிளாஸா, பாலியூரித்தேனா?

தினசரி ஓட்டத்துக்குப் பாலியூரித்தேன். கனம் கூடுதல், ஆனால் லேசாக இடித்தால் வளைந்து திரும்பும். ஃபைபர் கிளாஸ் விரிசல் விடும். அதைப் பூசிச் சரிசெய்வது சுலபம் என்பது உண்மைதான், எத்தனை முறை பூசுவீர்கள்? பாலியூரித்தேனுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வளைவுத்தன்மை தரும் கலவை சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையேல் பெயிண்ட் வெடிக்கும்.

கேள்வி: பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்த பம்பர் ஹெட்லைட் ஓரத்தில் பொருந்தவில்லை. ஸ்குரூவை இறுக்கினால் சேருமா?

சேரும், பிறகு விரிசல் விடும். பெயிண்டுக்கு முன்பே மாட்டிப் பார்த்து, இழைத்து, இடைவெளி சரியான பிறகே வண்ணம் பூச வேண்டும். இப்போது கழற்றி ஓரத்தை இழைத்து மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: கிட் உட்காரவில்லை என்று பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றிவிடலாம் என்கிறார் பொருத்துபவர்.

அவரிடம் காரை விடாதீர்கள். மோதலின் விசையை முதலில் வாங்குவது அந்தச் சட்டமும் அதைத் தாங்கும் நொறுங்கு பகுதிகளும்தான்; வெளியே தெரியும் பிளாஸ்டிக் வெறும் தோல். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் அந்த அமைப்பை நம்பியே செய்யப்பட்டிருக்கிறது. சட்டத்தை வெட்டினால்தான் பொருந்தும் என்றால் அது உங்கள் காருக்கான கிட் அல்ல. பழைய பம்பருக்கு அடியில் ஒட்டும் லிப் (மெல்லிய விளிம்புப் பட்டை) ஒன்றுடன் நிறுத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் தினசரி காருக்கு அதுவே அழகு.

கேள்வி: பம்பரில் பார்க்கிங் சென்சாரும் ரேடாரும் உள்ளன. பாதிக்குமா?

சென்சார் பழைய உயரத்திலும் கோணத்திலும் அமர வேண்டும். கீழ்நோக்கிச் சாய்ந்தால் தரையைப் பார்த்தே அலறும். ரேடாருக்கு முன்னால் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசக் கூடாது. தடித்த மெட்டாலிக் பெயிண்டும் அலையைக் குறைக்கும். வேலை முடிந்ததும் ரேடார் சரியான திசையைப் பார்க்கிறதா என்று மறு அளவீடு செய்யவைப்பது கட்டாயம்.

கேள்வி: சைடு ஸ்கர்ட்டை இருபக்க டேப்பால் ஒட்டினால் போதாதா?

டேப்போடு ஸ்குரூவும் வேண்டும். துளையிட்ட இடத்தில் ப்ரைமர் தடவாவிட்டால் அங்கிருந்தே துரு தொடங்கும். கதவுக்கடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். ஜாக்கி வைக்கும் இடம் மறைகிறதா என்றும் பாருங்கள். பஞ்சரான இரவில் ஸ்கர்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: கூடவே ஸ்பிரிங்கை வெட்டி இன்னும் தாழ்த்தலாமா?

கூடாது.

கேள்வி: இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

மாட்டுவதற்கு முன்பே எழுத்தில் சொல்லி, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.