நங்கூரம் என்ன பாவம் செய்தது? ரெட்ரோ கூட்டத்துக்கு நம்மூர்ப் படம்

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு சின்ன டிசைன் நிறுவனத்தில் குழுவை நடத்துகிறேன். போஸ்டர், வீடியோ, சோஷியல் மீடியா வேலை. ஒன்பது பேர். ஒருவர் மட்டும் திருவனந்தபுரத்திலிருந்து ஆன்லைனில் சேர்வார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரெட்ரோ, அதாவது முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்கிற கூட்டம், வைக்கிறோம். எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டால், "எல்லாம் ஓகேதான் அக்கா" என்று முடித்துவிடுகிறார்கள். இணையத்தில் பார்த்த பாய்மரப் படகுப் படத்தைப் பலகையில் வைத்து, கருத்துகளைச் சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டச் சொல்லி நடத்திப் பார்த்தேன். முதல் தடவை ஒரே கலகலப்பு. இரண்டாம் தடவை அதே சீட்டுகள். மூன்றாம் தடவை பாதிப் பேர் போனை நோண்டினார்கள். வேறு என்ன படம் வைக்கலாம்? எனக்கு வரையவும் வராது.

பதில்: வேறு படம் தருகிறேன். அதற்கு முன் அந்த 'அதே சீட்டுகள்' விஷயத்தைப் பேசிவிடலாம். ஒரே சீட்டு இரண்டாம் முறையும் வந்தால் படம் சலித்துவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது காரணமில்லை. போன முறை எழுதியதில் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் திரும்ப எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் முறை எழுதவும் அலுத்துப்போய் போனை எடுத்திருக்கிறார்கள். நீங்கள் படத்தை மாற்றினால் இன்னும் இரண்டு கூட்டம் கலகலப்பாக ஓடும். பிறகு இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். இதற்கு என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது படகு. லூக் ஹோமன் என்ற அமெரிக்கர் வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்டு வாங்க 'வேகப்படகு' என்று ஒரு விளையாட்டு உருவாக்கினார். நம் பொருள்தான் படகு, அதை ஓடவிடாமல் இழுப்பவை நங்கூரங்கள். மென்பொருள் குழுக்கள் அதை எடுத்துக் காற்று, பாறை, தீவு எல்லாம் சேர்த்து ரெட்ரோ படமாக்கிவிட்டன. நல்ல படம்தான். ஆனால் படகை உல்லாசத்துக்கு ஓட்டுகிறவர்களின் படம்.

இது எனக்கு உறைத்தது ஒரு கூட்டத்தில். பலகையில் நங்கூரம் வரைந்து, "நம்மைத் தடுப்பது எது, இங்கே ஒட்டுங்கள்" என்றேன். குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டாமல் நின்றான். என்னப்பா என்றால், "நங்கூரம் இல்லாம பாருல எப்பிடி சார் நிக்க முடியும்?" என்றான். பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு, மீன் கூடுகிற இடம். தூரத்து மலையையும் கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்த பிறகு அங்கே நிற்க வேண்டாமா? அவன் அப்பாவுக்கு நங்கூரம் தடை இல்லை, பிழைப்பு. அவன் கையில் இருந்த சீட்டில் 'வாரா வாரம் கிளையன்ட் மீட்டிங்' என்று எழுதியிருந்தது. மற்ற எல்லோரும் தொல்லை என்று நினைத்த அந்தக் கூட்டம்தான் தங்களை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது என்பது அவன் கணக்கு. அன்றைக்கு நடந்த உருப்படியான பேச்சு அதுதான். நான் வரைந்த படத்துக்கு அதில் பங்கே இல்லை.

அதனால் படத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: குழுவில் ஒருவருக்காவது அது கை பழகிய விஷயமாக இருக்க வேண்டும். அழகு, புதுமை எல்லாம் அப்புறம்.

கடலைத் தொடுவதென்றால் ஓர் எச்சரிக்கை. ரெட்ரோ படங்களில் புயல் மேகம் வரைந்து 'நம் அபாயங்கள்' என்று போடுவது வழக்கம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் இழந்தது கொஞ்சமல்ல. உங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யார் வீட்டில் யார் திரும்பி வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். புயலை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ரப்பர் மரம். ஒன்பது பேரில் குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கத்து ஆள் ஒருவராவது இருப்பார். கூட்டத்தை அவரிடம் கொடுத்து, பால் வெட்டுவது, அதாவது பட்டையைக் கத்தியால் சீவிப் பாலை வடிப்பது, எப்படி என்று ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் குழுவிலேயே இளையவராக இருந்தால் ரொம்ப நல்லது. அந்த ஐந்து நிமிடம் மேலே இருப்பவர்கள் எல்லாம் கேட்கிற இடத்தில் இருப்பார்கள், அதிலேயே கூட்டத்தின் இறுக்கம் பாதி தளர்ந்துவிடும்.

மரத்தில் கேட்க வேண்டியது இவ்வளவுதான். சிரட்டையில் (பால் வடிந்து விழும் கொட்டாங்குச்சி) என்ன விழுந்தது? இந்த இரண்டு வாரத்தில் உண்மையாகவே கைக்கு வந்த பலன். சிரட்டைக்கு வெளியே என்ன ஒழுகியது? செய்து, யாருக்கும் பயன்படாமல் போன வேலை. கத்தி எங்கே ஆழமாகப் போனது? இந்தக் கேள்விக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பால் ஓடுவது பட்டையில். கத்தி அதைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், மறுபடி சரியாக வெட்ட முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும் மரம் ஓய்வெடுக்கத்தான். அளவுக்கு மீறி வெட்டினால் பாலே நின்றுவிடும். எடிட்டர் ஒருவர் தொடர்ந்து நாலு இரவு உட்கார்ந்த கதையை இந்தச் சொற்களில் சொல்ல வைத்துப் பாருங்கள்.

"அண்ணன் கடைசி நேரத்தில் வேலை தருகிறார்" என்று நம் அலுவலகங்களில் எவனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கும் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் "இந்த இடத்துல கத்தி ஆழமா போகுது" என்று மரத்தைக் காட்டிச் சொல்லிவிடுவான். அண்ணனுக்கும் புரியும், முகமும் கெடாது. நம்மூரில் படம் வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒட்டுப்பால். வெட்டுக்கோட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருப்பதை உரித்தெடுத்து அதையும் விற்பார்கள், விலை குறைவு, அவ்வளவுதான். கிளையன்ட் தள்ளிவிட்ட லேஅவுட், பாதியில் நின்ற ஸ்கிரிப்ட், இதெல்லாம் உங்கள் ஒட்டுப்பால். டிசைன் குழுக்களில் இந்தப் பகுதியில்தான் ஆச்சரியமாக நிறைய சீட்டு விழும்.

கடைசியாக மழை, நம் கையில் இல்லாதவை. இங்கே கவனம் வேண்டும். விட்டால் எல்லாச் சீட்டும் மழைப் பக்கம் போய்விடும்: கிளையன்ட் சரியில்லை, பட்ஜெட் இல்லை, நெட் போய்விட்டது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டத்தில் ரப்பர்க்காரர் மழையைத் திட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் கட்டுமா? வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக்கை ஒட்டி ரெயின்கார்டு போட்டு வெட்டுகிறார். அதனால் ஒவ்வொரு மழைச் சீட்டுக்கும், "சரி, இதுக்கு ரெயின்கார்டு எது?" என்று கேளுங்கள். ஒரு குழுவில் 'வெள்ளி சாயந்திரம் வரும் திருத்தங்கள்' என்ற சீட்டுக்கு இப்படிக் கேட்டபோது, மூன்று மணிக்கு மேல் வருவது திங்கள் பட்டியலில் சேரும் என்று முடிவானது. அதைக் கிளையன்டிடம் யார் சொல்வது என்பதற்குத்தான் இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் வீண் இல்லை.

நடத்தும் விதம்: ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு (ஒரு சுற்று வேலைக்கு) அதிகபட்சம் மூன்று மணி நேரம் என்பது, மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் வழிகாட்டி சொல்லும் கணக்கு. உங்கள் இரண்டு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் தாராளம். மரத்தைப் பற்றிப் பேசியதும் ஏழெட்டு நிமிடம் எல்லோரும் பேசாமல் எழுதட்டும், ஆளுக்கு மூன்று சீட்டுக்கு மேல் வேண்டாம். சீட்டுகளைக் கலைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து ஒட்ட வேண்டும். நீங்கள் கடைசியாக ஒட்டுங்கள். அக்கா எங்கே ஒட்டுகிறார் என்று பார்த்து ஒட்டுவது நம் பிள்ளைகளின் பழக்கம். பிறகு ஆளுக்கு இரண்டு புள்ளி வைத்து முக்கியமானதைத் தேர்ந்து, அதற்கு ஒரே ஒரு காரியம், ஒரு பெயர், ஒரு தேதி. மூன்று காரியம் எடுத்தால் மூன்றும் நடக்காது.

அடுத்த கூட்டத்தைப் புதுப் படத்தோடு தொடங்காதீர்கள். போன முறைப் படத்தை மாட்டி, "அந்தக் காரியம் நடந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் அன்றைய ரெட்ரோவே அதைப் பற்றித்தான். இதைச் செய்தால் அதே மரத்தை மூன்று நாலு கூட்டம் வைத்துக்கொள்ளலாம், ஒரே சீட்டு திரும்பி வராது.

திருவனந்தபுரத்துக்காரருக்காகப் பலகை முன்னால் போனை நிறுத்தி வைக்காதீர்கள். அவருக்கு நிழல்தான் தெரியும். படத்தைத் தாளில் வரைந்து போட்டோ எடுத்து கூகுள் ஸ்லைட்ஸில் பின்னணியாகப் போடுங்கள். அதன் மேல் சின்னச் சின்னப் பெட்டிகள்தான் சீட்டு. உள்ளே இருக்கும் எட்டுப் பேரும் அதிலேயே எழுத வேண்டும். சிலர் காகிதத்திலும் ஒருவர் திரையிலும் என்றால் அந்த ஒருவர் பார்வையாளர் ஆகிவிடுவார்.

குழுவில் ரப்பர்க்காரர் யாருமே இல்லையா? எழுதுபவர், டிசைனர், எடிட்டர் என்று கைமாறும்போதுதான் சிக்கல் என்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்தை வையுங்கள். பரளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோக 1966-இல் முடித்த பாலம்; பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காதவர் இருக்க மாட்டார். பம்பு கிடையாது, வாட்டத்திலேயே ஓடுகிறது. தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்தத் தூணுக்கு மேலே கசிகிறது, வாட்டம் எங்கே குறைகிறது என்று கேட்டால் போதும். முப்பந்தல் காற்றாலையையும் சிலர் வரைகிறார்கள். காற்று அடித்தால் சுற்றும், இல்லாவிட்டால் நிற்கும் என்பதைத் தாண்டி அதில் பேச ஒன்றும் கிடைக்கவில்லை எனக்கு.

வரைய வராது என்றீர்கள். நேராக இரண்டு கோடு, அது மரம். குறுக்கே சாய்வாக ஒன்று, அது வெட்டு. கீழே ஒரு அரைவட்டம் சிரட்டை, மேலே நாலு சொட்டு மழை. யாராவது பார்த்துச் சிரித்தால் மார்க்கரை அவர் கையில் கொடுங்கள். சிரட்டையை மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள், ஒன்பது பேர் சீட்டு ஒட்ட இடம் வேண்டும்.