வாழைநாரில் செய்த வெள்ளி நானோ ஜெல் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை ஆற்றுமா? வீட்டில் செய்ய முடியுமா?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கோ செய்தித் துணுக்கைப் படித்துவிட்டுக் கடையில் தேடியிருப்பீர்கள். நான் மருத்துவன் அல்ல. ஆனால் முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் அந்த ஜெல்லோடு மல்லுக்கட்டியவன்.

தார் வெட்டியபின் தோட்டத்தில் சாய்த்துப் போடும் வாழைமரம்தான் மூலப்பொருள். மட்டையைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, டெம்போ என்ற வினையூக்கியால் ஆக்சிஜனேற்றம் செய்து அடித்தால், சில நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) தடிமனுள்ள இழைகளாகப் பிரியும். 2006-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாய் குழுவினர் மரக்கூழில் காட்டிய வழி அது. நூற்றுக்கு இரண்டு பங்குகூட இழை இராது, மற்றதெல்லாம் தண்ணீர். ஆனாலும் குப்பியைக் கவிழ்த்தால் விழாது. அதில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பைச் சேர்த்து, வெள்ளித் துகள் உருவானதும் ஜெல் மஞ்சளாகும். படத்தைப் பார்த்த அம்மா, "மஞ்சள்தூள் போட்டாயா?" என்றார்.

பாக்டீரியா பரப்பிய அகர் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) ஜெல் வில்லையை வைத்தேன். மறுநாள் காலையில் அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம்! உடனே ஊருக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். அப்பாவுக்குக் கட்டைவிரலுக்கு அடியில் ஆறாத சர்க்கரைப் புண். "எனக்குக் கொஞ்சம் கொண்டு வாடா" என்றார்.

அடுத்த மாதம் அதே ஜெல்லைத் தோல் செல்களோடு வைத்தோம். தட்டில் ஒட்டி நீண்டு கிடக்க வேண்டிய செல்கள் உருண்டு மிதந்தன. கிருமியைக் கொன்ற வெள்ளி அவற்றையும் கொன்றிருந்தது. வெள்ளியைக் குறைத்தால் செல் பிழைத்தது, வட்டம் காணாமல் போனது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைத் தேடியே மீதிக் காலம் கரைந்தது. ஆனால் நாளிதழ் ஒன்றில் வந்தது அந்த முதல் வட்டம் மட்டும்தான், 'அதிசய மருந்து' என்று. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இரண்டு மாதம் வரிசையில் நின்றதும், உதவித்தொகை ஒன்பது மாதம் வராமல் தங்கை என் அறை வாடகையைக் கட்டியதும் யாருக்குச் செய்தி?

அப்பாவுக்கு நான் கொண்டுபோகவில்லை. "ஊருக்கெல்லாம் மருந்து, பெற்றவனுக்கு இல்லை" என்று சித்தப்பா குத்திக்காட்டினார். இன்சுலினும், முறையான டிரெஸ்ஸிங்கும், பாதத்தில் அழுத்தம் படாத செருப்பும்தான் ஐந்து மாதத்தில் அந்தப் புண்ணை ஆற்றின.

வெள்ளியே வீண் என்கிறேன் என்று யாரும் பாய வேண்டாம். தீப்புண்ணுக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு 1968-இலேயே வந்துவிட்டது. வெள்ளி சேர்த்த டிரெஸ்ஸிங்கும் கிடைக்கிறது. தொற்றைப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார்.

வீட்டில் செய்வதா? வாக்குச்சாவடி மையில் இருக்கும் அதே சில்வர் நைட்ரேட்தான் இதற்கும். ஆய்வுக்காலம் முழுக்க என் விரல்கள் பத்தும் கள்ள ஓட்டுப் போட்டவன் விரல்கள்போல் கறுத்திருந்தன. அந்தச் சில்வர் நைட்ரேட்டைத் திறந்த புண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். புண் நாறினாலோ, சுற்றிலும் சிவந்தாலோ, கறுத்தாலோ இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.