பசும்பால் எப்போது, எவ்வளவு? கேள்வி பதில்

வேலூர்ப் பக்கத்து அம்மாக்கள் கேட்டவற்றுக்கு, குழந்தை மருத்துவர் என்ற முறையில் என் பதில்கள்.

குடியாத்தம்: பாப்பாவுக்கு 8 மாதம், தாய்ப்பால் போதவில்லை. பசும்பாலில் பாதி தண்ணீர் கலந்து கொடு என்கிறார் மாமியார்.

வேண்டாம்மா. ஒரு வயது முடியும்வரை பசும்பாலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். அதில் இரும்புச்சத்து குறைவு. இருப்பதும் உடம்பில் சரியாக ஒட்டாது. புரதமும் உப்பும் அதிகம் என்பதால் சிறுநீரகத்துக்குச் சுமை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். தண்ணீர் கலந்தால் சக்தியும் சேர்ந்து குறையும். பால் போதவில்லை என்பதை எடைதான் சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் எடை போட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தயிர்சாதம் தாராளமாகக் கொடுக்கலாம். மாமியார் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

ஆம்பூர்: பையனுக்கு ஒன்றரை வயது. தினமும் ஒரு லிட்டர் பால், சோறே தொடுவதில்லை. முகம் வெளுத்திருக்கிறது.

வயிறு பாலிலேயே நிறைந்தால் சோறு எங்கே போகும்? நாளுக்கு 400 மில்லி போதும், 500-ஐத் தாண்டவே வேண்டாம். உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சோகையாக இருக்கலாம். புட்டியை நிறுத்தி டம்ளருக்கு மாற்றுங்கள். முட்டை, ஈரல், பருப்பு, கீரை கொடுங்கள்.

காட்பாடி: ஆவினில் எந்த கலர்?

பச்சை (கொழுப்பு 4.5%) அல்லது ஆரஞ்சு (6%). 2 வயதுவரை கொழுப்பு தேவை. காய்ச்சிக் கொடுங்கள்.

ஆற்காடு: 10 மாதக் குழந்தைக்கு?

குடியாத்தத்துக்குச் சொன்னதுதான்.

வாலாஜா: பால் நிறையக் குடித்தால் உயரமாக வளர்வார்களாமே?

நல்ல கேள்வி. 1930-இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் சுமார் 20,000 பள்ளிக் குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்குத் தினமும் பால் கொடுத்துப் பார்த்தார்கள். பால் குடித்தவர்கள் உயரத்திலும் எடையிலும் அதிகம் கூடினார்கள். ஆனால் சில ஆசிரியர்கள் மனம் இளகி, மெலிந்த ஏழைப் பிள்ளைகளைப் பால் பக்கம் சேர்த்துவிட்டார்கள், அதனால் இரண்டு பக்கமும் ஆரம்பத்திலேயே சமமாக இல்லை. எடை பார்த்ததும் உடுப்போடு. முதலில் குளிர்காலம், கடைசியில் கோடை; உடுப்பின் கனம் மாறினால் எடைக் கணக்கும் தப்பும். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியல் நிபுணர் கோசெட், அடுத்த ஆண்டே கணக்கைக் கிழித்தார். ஒரே மாதிரி இரட்டையர் 50 ஜோடி போதும், ஒருவருக்குப் பால், மற்றவருக்கு இல்லை என்று பிரித்திருக்கலாம் என்றார்.

காட்பாடி (மறுபடி): அப்போ பாலால் பயனே இல்லையா டாக்டர்?

அப்படிச் சொன்னேனா? சாப்பாடு போதாத குழந்தைக்குப் பால் கைகொடுக்கும். நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினால் இன்னொரு அங்குலம் வராது. உயரத்தில் பெரும்பங்கு பெற்றோருடையது.

வாலாஜா: எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழிலேயே எல்லாரும் ஆறடி!

பிறகென்ன? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

அணைக்கட்டு: எங்கள் பசு சினை பிடிக்கவில்லை...

கால்நடை மருத்துவமனை.

ஒடுகத்தூர்: 11 மாதம்தான் ஆகிறது, அரை டம்ளர் மட்டும்?

இன்னும் ஒரு மாதம்தானே! பொறுங்கள். அப்புறமும் 400 மில்லிதான்.